ஆறாத வீடு

டிசம்பர் 9, செவ்வாய்

எனக்குக் கோபம் அதிகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இன்று அதைச் சொன்னவர் குழந்தை டாக்டர். நங்கையின் ரத்தப் பரிசோதனை முடிவை ‘எல்லாம் நார்மல்’ என்று மறுபடியும் நீட்டிய லேப்காரர் மேல் அந்தக் காகிதத்தையே விட்டெறிந்தேனாம். விட்டெறியவில்லை. மேசையில் போட்டேன், அது வழுக்கிக்கொண்டு போய் அவர் மேல் விழுந்தது. பதினோரு வயதுப் பெண்ணுக்கு ஒரு மாதத்துக்கு மேலாகக் காய்ச்சல் அடிக்கிறது. எல்லாம் நார்மல் என்றால் அவள் உடம்பு ஏன் அடுப்பு மாதிரி இருக்கிறது?

டாக்டர் என்னை மாடிக்கு அனுப்பினார். அம்மாவின் பதற்றம் பிள்ளைக்கு ஒட்டும் என்றார். மாடி அறை வாசலில் ‘உளவியல் ஆற்றுப்படுத்துநர்’ என்று பலகை. அகராதி வேலை பார்க்கிறவளை அந்த மாதிரிப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்தால் அவள் தன் கஷ்டத்தைச் சொல்வாளா, பலகையைப் படித்துக்கொண்டிருப்பாளா?

உள்ளே இருந்த பெனிட்டாவுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். தினமும் நடப்பதை எழுதுங்கள் மேடம் என்றாள். கோபம் வந்தால் மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி ஏதாவது ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள், வார்த்தையை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் போன பிறகு எனக்கு ஊரே வார்த்தை சொல்லிவிட்டது. இவள் ஒருத்திதான் என்னைத் தேடச் சொன்னாள். அதற்காக எழுதுகிறேன்.

அவர் என்பது என் கணவர் தில்லைநாயகம். தீபாவளி கழிந்த வாரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நங்கைக்கு மாலையில் 101. ஒரு இட்லி சாப்பிட்டாள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. காலையில் ஆஸ்பத்திரி கிளம்பும் அவசரத்தில் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போன காபியை மாலையில்தான் பார்த்தேன். கொட்ட மனசில்லாமல் வாயில் வைத்தேன். நாக்கு சுட்டுவிட்டது. வந்ததிலிருந்து நங்கை படுத்தேதான் கிடக்கிறாள். நடுவில் எழுந்து சூடு பண்ணி வைத்திருப்பாள்.

டிசம்பர் 10, புதன்

வார்த்தை கிடைக்கவில்லை. ‘அமைதி’ நூலகச் சுவரில் எழுதியிருப்பது, யாரையோ அதட்டுகிறது. ‘சாந்தம்’ காலண்டர் சாமிகளுக்கு. ‘பொறுமை’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் இருக்கிற பொறுமையும் போய்விடும்.

பால் திரிந்துவிட்டது. 101.

டிசம்பர் 12, வெள்ளி

வார்த்தை வேலையிலேயே வந்து மாட்டிக்கொண்டது. எங்கள் அகராதியின் பதிப்பாசிரியர் ஆரோக்கியநாதன் சார் ‘ஆ’ பகுதியைத் திருத்தத்துக்கு அனுப்பியிருக்கிறார். அதில் ‘ஆறு’. நதி இல்லை, எண் இல்லை. சூடு தணிகிற ஆறு.

காலையிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். முதலில் இது அடுப்படி வார்த்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கொதித்த பால் ஆறுகிறது, சோறு ஆறுகிறது. பிறகு அடுப்பை விட்டு உடம்புக்கு வந்திருக்கிறது: புண் ஆறுகிறது, களைப்பு ஆறுகிறது, பசி ஆறுகிறது. உடம்பிலிருந்து மனசுக்கு: கோபம் ஆறுகிறது, துக்கம் ஆறுகிறது. நம் ஆட்கள் மனசையும் இறக்கிவைக்க வேண்டிய ஒரு பாத்திரமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றி அணைக்கச் சொல்லவில்லை. இறக்கி வை, மூடாதே, அதுபாட்டுக்கு ஆறும் என்று விட்டிருக்கிறார்கள்.

பழைய அகப்பாட்டுகளின் உரைகளில் பிரிந்து தவிக்கிறவளை ‘ஆற்றாள்’ என்பார்கள். அவள் பக்கத்தில் தோழி ஒருத்தி இருந்து ஆற்றுவாள். அவளே தன்னை ஆற்றிக்கொண்டதாக நான் படித்த வரையில் இல்லை. ‘மனச ஆத்திக்கோ’ என்பதெல்லாம் பின்னால் வந்திருக்கும், தோழிகளுக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்ட காலத்தில்.

சரி, இதுவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ‘ஆறு’ என்று மூச்சை விட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

மேசையில் காபி, பக்கத்தில் எழுத்து வேலை என்றால் என் காபி ஆறியே தீரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருந்த இடத்திலிருந்தே ‘ஏங்க, ஆறிப்போச்சு’ என்று கத்துவேன். அவர் பேசாமல் வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைப்பார். நேரத்துக்குக் குடித்தால் என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது அவருக்குத் தெரியும்.

இன்றும் மறந்துவிட்டு மத்தியானம் எடுத்தேன். ஆவி பறந்தது. நங்கை நல்ல தூக்கத்தில் இருந்தாள். எழுப்பிக் கேட்கவில்லை.

தயிர் உறையமாட்டேன் என்கிறது. காலையில் காய்ச்சிய பால் விளக்கு வைக்கிற நேரத்திலும் விரல் பொறுக்காத சூடு. அதில் உறை ஊற்றினால் திரியாமல் என்ன செய்யும்? பால்காரரிடம் சண்டை போட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

டிசம்பர் 14, ஞாயிறு

லால்குடியிலிருந்து அண்ணி வந்தார். என் கணவரின் அக்கா. நல்ல மழை. குடையை மடக்கி, செருப்பை வாசலில் விட்டு உள்ளே கால் வைத்தவர் சட்டென்று காலை எடுத்துவிட்டார்.

“என்னடி அரசி, தரை இப்படிச் சுடுது? வெளில மழை கொட்டுது.”

டைல்ஸ் அப்படித்தான் அண்ணி என்றேன். எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை என்பது அண்ணிக்கும் தெரியும்.

நங்கை நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காபி கொடுத்தேன், வேண்டாம் என்று கீழே வைத்தார். பேச்சு எங்கே வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே பள்ளிக்கூடத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அவர் காத்திருந்தார், நான் மூச்சு விட நிறுத்தியதும் கேட்டார்.

“அவன எங்க வச்சிருக்க?”

சாமான் அறை மேல்தட்டில் என்றேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? எரிவாயு தகன மேடையில் வைத்த அன்றே எல்லாம் முடிந்து ஒரு மண்சட்டியில் சாம்பலைக் கொடுத்தார்கள். மறுநாள் காலை சொந்தக்காரர்கள் பால் சொம்போடு வந்து நின்றார்கள். எரித்த இடத்தில் பாலும் தண்ணீரும் தெளித்துச் சூடு தணித்த பிறகுதான் மற்றதெல்லாம். காடாற்றுவது என்று அதற்குப் பெயர். காடே இல்லை, கேஸ் அடுப்புதான் இருக்கிறது, எதை ஆற்றப் போகிறீர்கள் என்று கேட்டேன். காவிரியில் கரைக்கவும் விடவில்லை. அவர்கள் யாரும் சட்டியை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வெளியே மரக்கிளையில்தான் கட்டித் தொங்கவிடுவார்கள். நான் உள்ளே கொண்டுவந்தேன். அவர் தூசியிலும் மழையிலும் மரத்தில் தொங்க வேண்டுமா?

“உங்கிட்ட சண்டைக்கு வரல,” என்றார் அண்ணி. “சூட்டோட உள்ள கொண்டாந்து வச்சிருக்க. பிள்ள இருக்கிற வீடு.”

“அதெல்லாம் அன்னைக்கே ஆறிடுச்சு அண்ணி.”

“ஆறிடுச்சுன்னா நீயே தொட்டுப் பாரு.”

தொடவில்லை. அண்ணி இருக்கும்போது தொடவில்லை. அவர் போகும்போது நான் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை, அவ்வளவு கோபம். ‘ஆறு, ஆறு’ என்று எத்தனை தடவை சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை.

அண்ணி கீழே வைத்த காபியை இப்போதுதான் எடுத்துக் கொட்டினேன். டம்ளரைத் துணி வைத்துத்தான் பிடிக்க முடிந்தது.

டிசம்பர் 15, திங்கள்

ஆரோக்கியநாதன் சார் போனில் கூப்பிட்டார். ‘ஆறு’ பதிவு பிரமாதம், ஆனால் காடாற்று விட்டுப்போச்சேம்மா என்றார். வழக்கொழிந்த பிரயோகம் சார் என்றேன். போன மாதம்கூட எதிர்வீட்டில் செய்தார்களே என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அவசரமில்லை, நிதானமாகச் சேர்த்து அனுப்புங்கள் என்று வைத்துவிட்டார். எல்லோரும் ஏன் என்னிடம் இப்படி மெதுவாகப் பேசுகிறார்கள்? உரக்கப் பேசினால் நானும் உரக்கப் பேசலாம்.

மாலையில் 102. நங்கை பாயை இழுத்துக்கொண்டு போய்ச் சாமான் அறை வாசலில் போட்டுக்கொண்டாள். அங்கே என்ன என்று கேட்டதற்கு, இங்கேதான் இதமாக இருக்கிறது என்றாள். காய்ச்சல் வந்தவர்களுக்குக் குளிரத்தான் செய்யும்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. விடாத தூறல். அவர் மழைக்காலம் வந்தாலே மப்ளர் கட்டுகிறவர், அதைப் பார்த்து நானும் நங்கையும் சிரிப்போம். இன்று அந்த மப்ளரைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எதற்கு என்று பெனிட்டாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 18, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன்.

நேற்றுக் காலை நங்கைக்கு 104. கண் செருகியது. அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். உறையூர் கடைவீதி தாண்டுவதற்குள் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் காய்ச்சலே இல்லை. நர்ஸ் என் தெர்மாமீட்டரை வாங்கி உதறிப் பார்த்தாள். டாக்டர் படுக்கவைத்துப் பார்ப்போம் என்றார். நேற்று முழுக்க இல்லை, இன்றும் இல்லை. பிள்ளை இரண்டு தோசை கேட்டுச் சாப்பிட்டாள். அவள் கேட்டுச் சாப்பிட்டு எவ்வளவு நாள் ஆகிறது. நான் திரும்பி ஜன்னல் பக்கம் நின்று அழுதேன்.

டாக்டர் என்னை வெளியே அழைத்துப்போய்ப் பேசினார். இன்னொரு தடவை இப்படி ஏறினால் வலிப்பு வரலாம், மூளையைப் பாதிக்கும், காரணம் தெரியாமல் அவர் கையில் வைத்துக்கொள்ள முடியாது, சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். வீட்டில் ஏதாவது இருக்கிறதா, புதுச் சாமான், பெயிண்ட், பூச்சி மருந்து ஏதாவது என்று கேட்டார். இல்லை என்றேன்.

கேன்டீனில் காபி வாங்கி மாடி ஏறி வருவதற்குள் ஆறிவிட்டது. வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. தொட்டியில் கொட்டிவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். பூட்டைத் திறந்தேன். இரண்டு நாள் பூட்டிக் கிடந்த வீடு, வெளியே குளிர்காற்று. கதவைத் திறந்ததும் வெந்நீர் அண்டாவின் மூடியைத் திறந்தது மாதிரி முகத்தில் அடித்தது. நங்கை சிரித்தாள்.

“அப்பா வெயிட் பண்ணிட்டிருந்தாரு போல,” என்றாள்.

கை கால் கழுவு என்றேன்.

மாலையில் 100.

டிசம்பர் 20, சனி

கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் நங்கையைக் காணோம். சாமான் அறைக்குப் போனேன். ஸ்டூல் போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து சட்டியை இறக்கியிருக்கிறாள். சட்டியில் நான் சுற்றியிருந்த மப்ளரைப் பிரித்துப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தாள். தரையில் சம்மணம் போட்டு, சட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து உதடு வெடித்துப் போயிருந்தது. நல்ல சந்தோஷமாக இருந்தாள்.

“சூடா இருக்கும்மா. அப்பா கை மாதிரி.”

கீழே வைடீ என்று சொன்னேன்.

“நீ தினம் காலையில வந்து ஆறிடாதீங்க, ஆறிடாதீங்கன்னு சொல்றல்ல. ரெண்டு நாள் நாம இங்க இல்லாதப்போ சொல்ல ஆளே இல்ல. அதான் நான் சொல்றேன்.”

சொன்னேன்தான். இதுவரை எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன். சட்டி வந்த நாளிலிருந்தே சொன்னேன், இந்த மாதம் பெனிட்டா சொல்லிக்கொடுத்தபடி மூச்சை மெதுவாக வெளியே விட்டுச் சொன்னேன். வார்த்தையை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். எங்கே ஆறிவிடுவாரோ என்று பயந்தேன். முதல் நாள் அந்தச் சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தபோது புடவை வழியாக ஒரு சூடு வந்தது. அவர் பக்கத்தில் படுத்திருந்தால் வருகிற சூடு. வீட்டுக்கு வந்த பிறகும் அது குறையவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொன்னாலும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

சட்டியை அவள் மடியிலிருந்து எடுத்தேன். கை பட்டதும் கீழே போட்டிருப்பேன், அவள் காலில் விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினேன். அவள் உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளித்திருந்தன. வலிக்கவில்லையா என்றேன். இல்லையே என்றாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

அண்ணிக்குப் போன் பண்ணினேன். “அண்ணி, பால் எடுத்துட்டு வாங்க,” என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

விடிந்ததும் காவிரிக்குப் போனோம். நங்கையை விட்டுவிட்டுப் போக மனமில்லை, போர்வை சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். சட்டி என் மடியில், மடிக்கும் சட்டிக்கும் நடுவில் ஈரச்சாக்கு. போன தடவை கடைவீதி தாண்டுவதற்குள் வியர்த்தவள் இந்தத் தடவை படித்துறை வரை ஒரு சொட்டு வியர்க்கவில்லை. அண்ணி அதைக் கவனித்தார். நானும் கவனித்தேன். சாக்கு வழியெல்லாம் காய்ந்துவிட்டது.

ஆண்கள் யாரையும் கூப்பிடவில்லை. யார் செய்வது என்று கேட்டேன். நீதான் உள்ளே கொண்டுவந்தாய், நீயே செய் என்றார் அண்ணி. நங்கை ஆட்டோவில் சாய்ந்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படியில் சட்டியை வைத்து மூடியை எடுத்தேன். பார்ப்பதற்குச் சாதாரணச் சாம்பல். நெருப்பு, தணல், புகை எதுவும் இல்லை. சொம்பைச் சாய்த்தேன். முதல் பால் விழுந்ததும் ‘சொய்’ என்றது, தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. பால் உள்ளே இறங்கவில்லை. நுரைத்து, பொங்கி, விளிம்பு தாண்டி வழிந்தது. பால் காய்ச்சுகிற வாசனை படித்துறை முழுக்க அடித்தது. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனாள்.

என் கை நின்றுவிட்டது. ஊற்றினால் போய்விடுவார். நான்தானே இருக்கச் சொன்னேன். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதற்காக அந்த மனுஷன் இரண்டு மாதமாக வெந்துகொண்டே இருந்திருக்கிறார். என் பாலை, என் காபியை, என் தரையை, கடைசியில் என் பிள்ளையை ஆறவிடாமல் காத்திருக்கிறார். கூப்பிட்டால் வந்து சூடு பண்ணுகிறவர், வேறு என்ன தெரியும் அவருக்கு?

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். போகப்போவது அவருடைய தம்பி.

“ஆத்துடி. நானும் சேந்து ஊத்துறேன்.”

இரண்டு பேரும் ஊற்றினோம். பொங்கிக்கொண்டே இருந்தது. கொண்டுவந்திருந்த பாலெல்லாம் தீர்ந்தது, பொங்குவது நிற்கவில்லை. அண்ணி என் முகத்தைப் பார்த்தார். என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. குனிந்து, பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்வது போலத்தான் சொன்னேன்.

“போதுங்க. ஆறிடுங்க.”

நுரை அடங்கியது. பால் மெதுவாக உள்ளே இறங்கியது. சட்டியில் கை வைத்துப் பார்த்தேன். பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் நான் அவருக்காக அழுதேன். அவர் போன அன்று அழவேண்டியதையும் சேர்த்து அழுதேன், அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவரைக் காவிரியில் விட்டோம்.

மேலே ஏறி வந்தபோது நங்கை போர்வையை உதறிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்தெல்லாம் வியர்வை. கை எரியுதும்மா என்று அழுதாள். அவளுக்கு வலிக்கிறது என்பதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது.

டிசம்பர் 23, செவ்வாய்

காய்ச்சல் இல்லை, நேற்றும் இல்லை. உள்ளங்கைகளுக்கு மருந்து போட்டுக் கட்டியிருக்கிறது. தயிர் கெட்டியாக உறைந்திருந்தது, நங்கை சர்க்கரை போட்டு ஊட்டிவிடச் சொன்னாள். தரை குளிர்கிறது, இரண்டு பேரும் காலுறை போட்டுக்கொண்டு நடமாடுகிறோம். மப்ளரை நங்கை கட்டியிருக்கிறாள்.

‘ஆறு’ பதிவில் காடாற்று சேர்த்து ஆரோக்கியநாதன் சாருக்கு அனுப்பினேன். இன்றும் வழக்கில் உள்ளது என்று குறிப்பு எழுதினேன்.

அந்த வேலையில் காலைக் காபியை மறந்துவிட்டேன். பதினொரு மணிக்கு எடுத்தால் மேலே ஆடை படிந்திருந்தது. டம்ளர் சில்லிட்டிருந்தது.

“ஏங்க, ஆறிப்போச்சு,” என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். யாரும் வரவில்லை. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு அப்படியே குடித்தேன்.